இருதய அறையில் கிணற்றுக் கூலி

துரைக்கண்ணு கலியனுக்குத் தர வேண்டிய பாக்கி முந்நூற்று நாற்பது ரூபாய். ஓரிக்கையில், பாலாற்றை ஒட்டின நிலத்தில், 1959-ஆம் வருஷக் கோடையில் கிணறு வெட்டின கூலி அது. பேசினது அறுநூறு. கொடுத்தது இருநூற்று அறுபது. மிச்சத்தைக் கேட்கப் போனபோது, "தண்ணி உப்புக் கரிக்குது, போடா" என்று சொல்லிவிட்டான் துரைக்கண்ணு. அந்த உப்புத் தண்ணீரை இறைத்துத்தான் வருஷத்துக்கு மூன்று போகம் நெல் எடுத்தான். நெல் விற்ற பணத்தில் காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் பட்டுக்கடை போட்டான். கடை வாசலில் கார் வந்து நின்றது. கலியன் என்ன செய்தார் தெரியுமா? கூட வெட்டின ஆட்களின் வயிற்றில் அடிக்கக் கூடாது என்று தன் கறவை மாட்டை விற்றார். எல்லோருக்கும் கூலியைப் பிரித்துக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார். ஆகவே அந்த முந்நூற்று நாற்பதும் முழுக்க அவருடைய பணம்.

கலியனுக்கு ஒரே மகள், கங்கையம்மாள். எட்டாவது படித்துக்கொண்டிருந்த காலத்தில், அப்பாவுக்குத் தெரியாமல் துரைக்கண்ணுவின் வீட்டு வாசலில் போய் நின்று பணத்தைக் கேட்டாள். சுற்றி நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏம்மே, நீ எட்டாவது படிக்கிறியாமே?" என்றான் துரைக்கண்ணு. "நல்லாப் படி. கலெக்டராயி ஜீப்புல வந்து வசூல் பண்ணிக்கினு போ."

நாலு பேரும் சிரித்தார்கள். அவளுக்குக் காது மடல் வரைக்கும் சூடேறியது. மாடு போன வீட்டில் பள்ளிக்கூடச் செலவுக்கு எங்கே போவது? எட்டாவது பாஸ் செய்ததோடு படிப்பு நின்றது. கலெக்டர் ஆவதெல்லாம் அதோடு முடிந்தது.

ஆனால் ஆள் முடிந்து போகவில்லை. மிஷன் ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குச் சேர்ந்தாள். மலச்சட்டி கழுவினாள், ரத்தத் துணி அலசினாள். நர்ஸ் ஊசி போடும்போது பக்கத்தில் நின்று பார்த்தாள். பார்த்ததை மறக்கிற தலை இல்லை அது. எட்டாவது பாஸ் செய்திருந்தால் போதும் என்று தாதிப் பயிற்சிக்கு ஆள் எடுத்தபோது முதல் ஆளாய்ப் போய் நின்றாள். பயிற்சி முடித்து, நீலக் கரை போட்ட வெள்ளைச் சேலையோடு வெளியே வந்தாள். யாரும் கைதூக்கி விடவில்லை. சிபாரிசுக் கடிதம் யாரிடமும் வாங்கவில்லை. தன் கையை ஊன்றித் தானே எழுந்தவளுக்கு நாக்கு கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். இருக்கட்டுமே! சம்பாதித்த நாக்கு அது. புருஷன் பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகன். தங்கமான ஆள்தான், ஆனால் இந்தக் கதையில் அவனுக்கு வேலை இல்லை.

1974-இல் அவள் பிள்ளையார்பாளையம் பக்கத்தில் டாக்டர் ஆதிகேசவன் நடத்திய நர்சிங் ஹோமில் பெரிய நர்ஸ். இருதய நோயாளிகளுக்கென்று அங்கே ஒரு தனி அறை இருந்தது. மூன்று கட்டில், ஒரு ஆக்ஸிஜன் சிலிண்டர், மரப்பெட்டிக்குள் ஒரு ஈ.சி.ஜி. மெஷின். அந்த அறை அவளுடைய ராஜ்யம். காலையில் நாடி, ரத்த அழுத்தம். பிறகு கை காலில் பட்டை கட்டி ஈ.சி.ஜி. பிறகு ரத்தம் எடுத்து, உள்ளே லேபில் இருக்கிற தாவீதிடம் கொடுக்க வேண்டும். இருதயத் தசை எவ்வளவு அடிபட்டிருக்கிறது என்று காட்டுகிற ஒரு பரிசோதனையை மட்டும் இந்த ஊரில் செய்ய முடியாது. அந்த ரத்தத்தைத் தெளிய வைத்து, ஐஸ் நிரப்பின ஃபிளாஸ்க்கில் போட்டு, முதல் பஸ்ஸில் மெட்ராசுக்கு அனுப்புவார்கள்.

"நான் குத்துனா நரம்பு தானா மேல எழுந்து வரும்" என்பாள் கங்கையம்மாள். "நான் வெறும் வயித்துல இருன்னு சொன்னா எமனே பட்டினி கெடப்பான்." பொய் இல்லை. அவளுடைய குரலுக்கு அந்த அறையில் இருமல்கூட அடங்கும்.

அந்த வருஷம் சித்திரை மாசம் ஒரு பகல் வேளையில், கடையில் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்த துரைக்கண்ணு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சேலை மேலேயே சாய்ந்தான். நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து இரண்டாம் நம்பர் கட்டிலில் போட்டார்கள். சட்டை நனைந்து பிழிகிற மாதிரி வியர்வை. முகம் சாம்பல் பூத்திருந்தது.

கங்கையம்மாளுக்கு அவனைத் தெரிந்தது. பார்த்த கணமே தெரிந்தது. ஆனால் கை நிற்கவில்லை. ஆக்ஸிஜன் குழாயை மூக்கில் வைத்தாள். டாக்டர் சொன்ன ஊசியைப் போட்டாள். வலி சற்று அடங்கினதும் ஈ.சி.ஜி. பெட்டியைத் திறந்தாள்.

துரைக்கண்ணுவுக்கும் அதற்குள் கண் தெளிந்துவிட்டது. அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"வேற யாரும் இல்லியா?"

"இருக்காங்க. வாட்ச்மேன் இருக்காரு, சமையக்காரம்மா இருக்காங்க. யாரைக் கூப்புடட்டும்?"

"நீ யாரு பொண்ணு?"

"உங்க கிணத்தை வெட்டுனாரே, அவரு பொண்ணு. பேசாதீங்க. பேசுனா கோடு ஆடும்."

அவள் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டான். அவள் திரும்பப் பிடித்து இழுத்துப் பட்டையைக் கட்டினாள். மாரில் அடர்த்தியாக முடி. ஈ.சி.ஜி.க்கு மாரில் வைக்கிற ரப்பர் குமிழ் முடியில் ஒட்டாது. கத்தியை எடுத்து வட்ட வட்டமாகச் சிரைக்க ஆரம்பித்தாள்.

"ஆம்பளை மார்ல கத்தி வெக்கிறியே!"

"பயப்படாதீங்க. ஆம்பளைத்தனம் பத்து நாள்ல திரும்ப மொளைச்சிடும்."

மெஷினிலிருந்து காகிதம் நெளிந்து நெளிந்து வந்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு உடம்பை முறுக்கினான். கோடு கிறுக்கலாக விழுந்தது. அவள் மெஷினை நிறுத்தினாள்.

"இன்னாங்க இது? உங்க கோவம் எல்லாம் காகிதத்துல மலை மலையா விழுது. உங்க இருதயத்தைத்தான் டாக்டர் பாக்கணும். கோவத்தைப் பாத்து மருந்து எழுத முடியாது. தளர்ந்து கெடங்க."

வேறு வழியில்லாமல் கிடந்தான். காகிதத்தைப் பார்த்த டாக்டர், மாரடைப்புதான் என்றார். சின்னதுதான், தப்பித்தீர்கள், ஆனால் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது, சாப்பாட்டில் உப்புக் கூடாது, இன்னும் நிறைய டெஸ்ட் இருக்கிறது என்றார். துரைக்கண்ணுவின் மனைவி ஜெயம்மாள் சுவரோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நல்ல உடம்புக்காரி, பயந்த சுபாவம். கணவன் இருமினால்கூட வரதராஜரைக் கூப்பிடுவாள்.

அன்றைக்குச் சாயங்காலம் கங்கையம்மாள் ஓரிக்கை வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னாள். கலியனுக்கு எழுபது தாண்டிவிட்டது. இரண்டு கண்ணும் மங்கல். பத்தடிக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆளைக் குரல் வைத்துத்தான் கண்டுபிடிப்பார். ஆனால் அந்த முந்நூற்று நாற்பது மட்டும் அவருக்கு மங்கவே இல்லை. வருஷா வருஷம் பொங்கல் கழிந்ததும் துரைக்கண்ணுவின் கடைக்கு நடந்து போய்க் கேட்பார். வருஷா வருஷம் கடைச் சிப்பந்தி விரட்டுவான். அடுத்த பொங்கல் வரை கால் தாங்குமா என்பது அவருக்கே சந்தேகம். கண் மூடுவதற்குள் அந்தப் பணத்தைக் கையால் தொட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது.

"அங்கியே கேட்டுடட்டுமா நைனா? எங்கியும் ஓட முடியாது. கட்டிலோட கெடக்கறான்."

"கெடக்கறவன்கிட்ட கேக்காத" என்றார் கலியன். "அப்புறம் நோயாளியை மெரட்டி வாங்குனான் கலியன்னு ஊரே பேசும். எழுந்து நிக்கட்டும். ரெண்டு கால்ல நிக்கிற அன்னிக்குக் கேளு."

அவள் சம்மதித்தாள். டிஸ்சார்ஜ் ஆகிற அன்றைக்கு, கார் ஏறுவதற்கு முன்னால், வாசலில் மறித்துக் கேட்பது என்று முடிவு. அந்த வாசலைத் தாண்டிவிட்டால் பழையபடி கடைச் சிப்பந்தியின் முகத்தில்தான் முழிக்க வேண்டும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அது வரைக்கும் இரண்டு பேருக்கும் தினமும் யுத்தம். உப்பில்லாத கஞ்சியை அவன் தள்ளுவான், அவள் திரும்ப நீட்டுவாள். மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளிப்பான், அவள் தலையணையை உதறுவாள். தினமும் ஒரு சோதனைக் குழாயில் நீல மருந்தையும் அவனுடைய சிறுநீரையும் கலந்து ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவாள். சர்க்கரை இருந்தால் அந்த நீலம் பச்சையாகும், பிறகு மஞ்சள், முற்றிப்போனால் செங்கல் நிறம். இவனுக்கு எப்போதும் நீலமாகவே இருந்தது. பட்டுக்கடைக்காரன் கண்ணல்லவா, அந்த நிறத்தையே பார்த்துக்கொண்டு கிடப்பான்.

"மயில்கழுத்துக் கலரு" என்றான் ஒரு நாள். "இந்தக் கலர்ல ஒரு சேலை இருந்தா ஐந்நூறு ரூபாய்க்கு வித்துடுவேன்."

"விப்பீங்க, விப்பீங்க. மூத்திரம்னு சொல்லாம விப்பீங்க."

அடுத்த கட்டிலில் கிடந்த நோயாளி சிரிப்பை அடக்க முடியாமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். கங்கையம்மாள் அவனையும் ஒரு அதட்டல் போட்டாள்.

வைகாசி பிறந்தது. முகூர்த்த மாசம். காந்தி ரோட்டில் கல்யாணக் கூட்டம் அலைமோதுகிற நேரத்தில் முதலாளி கட்டிலில் கிடந்தால் கடை என்ன ஆகும்? துரைக்கண்ணு டாக்டரை நச்சரித்தான். "நாளைக்கு வெறும் வயித்துல ரத்தம் எடுத்து சர்க்கரையும் கொழுப்பும் பாக்கணும். அது சரியா இருந்தா நாளன்னிக்கே வீட்டுக்குப் போகலாம்" என்றார் டாக்டர்.

கங்கையம்மாள் கட்டிலருகே வந்து நின்று உத்தரவு போட்டாள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு காலையில் ரத்தம் எடுக்கிற வரைக்கும் காபி கிடையாது, பால் கிடையாது, வெற்றிலை கிடையாது. தண்ணீர் மட்டும் ஒரு வாய்.

"எல்லாம் எனக்குத் தெரியும், போ" என்றான்.

காலையில் ஊசியோடு வந்து கேட்டாள். "ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?"

"பல்லுல பச்சைத் தண்ணி படல."

ஜெயம்மாளும் தலையாட்டினாள். கங்கையம்மாள் ஒரே குத்தில் ரத்தம் எடுத்துக்கொண்டு போனாள். சற்று நேரத்தில் தாவீது லேப் கதவிலிருந்து கூப்பிட்டான். உயரமான, ஒல்லியான பையன். பேசும்போது எப்போதும் ஏதாவது ஒரு குழாயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டிருப்பான்.

"அக்கா, இங்க பாருங்க. ரத்தம் தெளிஞ்சா மேல எண்ணெய் மாதிரி தெளிவா நிக்கணும். இது அரிசி கழுவுன தண்ணியாட்டம் கலங்கிக்கினு இருக்குது."

கங்கையம்மாள் பார்த்தாள். மனசுக்குள் ஒரு குளிர்ச்சி. "கொழுப்பு பிடிச்ச மனுஷன். வாயில தெரிஞ்சுது, இப்ப ரத்தத்துலயும் தெரியுது. எழுதிக் குடுத்துடு."

இதுதான் அவள் செய்த பிசகு. வேறு எந்த நோயாளியாக இருந்தாலும் திரும்பப் போய்க் குடைந்து குடைந்து கேட்டிருப்பாள். இவன் விஷயத்தில், கெட்ட முடிவு வந்ததே என்று சந்தோஷப்பட்டுவிட்டாள். பகை இருந்தால் கண் ஒரு பக்கம்தான் பார்க்கும்.

டாக்டர் வந்தபோது கட்டிலைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள். ஜெயம்மாள் விசிறிக்கொண்டிருந்தாள். பக்கத்து ஸ்டூலில் தனசேகரன் உட்கார்ந்திருந்தார். இவர் கச்சாப் பட்டு வியாபாரி. பெங்களூர்ப் பக்கமிருந்து பட்டு வரவழைத்து, காஞ்சிபுரத்துக் கடைக்காரர்களுக்குக் கடனுக்குக் கொடுப்பார். சேலை விற்றதும் பணம். நாணயத்தை நம்பி நடக்கிற வியாபாரம். துரைக்கண்ணுவுக்கு முகூர்த்த மாசத்துக்கு நிறையப் பட்டு வேண்டியிருந்தது. அதைப் பேசத்தான் வந்திருந்தார்.

டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "சர்க்கரை நூத்தி எழுபதுக்கு மேல. கொழுப்பும் ஜாஸ்தி. வெறும் வயித்துலயே இப்படின்னா உங்களை வீட்டுக்கு அனுப்ப முடியாது. மாத்திரை ஆரம்பிக்கணும். இன்னும் ஒரு மாசம் இங்கதான்."

துரைக்கண்ணு எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

"எனக்கா சக்கரை? இத்தினி நாளா மூத்திரம் மயில்கழுத்துல இருந்துச்சே! ஒரே ராத்திரியில எங்கேருந்து வந்திச்சு? எல்லாம் இவதான், டாக்டர்! இவதான் என் ரத்தத்துல எத்தையோ கலந்துட்டா!"

"படுங்க முதல்ல. அவங்க ஏன் கலக்கணும்?"

"ஏனா? வஞ்சம்! இவ அப்பன் கலியனுக்கு நான் முந்நூத்தி நாப்பது ரூபா கிணத்துக் கூலி தரணும். பதினஞ்சு வருஷமா நான் குடுக்கல. அத்தை மனசுல வெச்சுக்கினு என்னை இங்கியே போட்டுச் சாவடிக்கப் பாக்கறா!"

அறையில் விசிறிச் சத்தமும் நின்றது. தனசேகரன் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இத்தனை வருஷம் கலியன் தொண்டை கிழியக் கத்தியும் ஊர் காதில் விழாத வார்த்தையை, துரைக்கண்ணு தானே தன் வாயால், சாட்சிகள் முன்னால் சொல்லிவிட்டான்.

டாக்டருக்கோ அந்தப் பாக்கியெல்லாம் காதில் ஏறவில்லை. நர்ஸ் மேல் நோயாளி பழி போடுகிறான், வெளியே போனால் நர்சிங் ஹோம் பேர் நாறும். அந்தக் கவலை அவருக்கு.

"கங்கா, ரத்தம் நீதானே எடுத்தே?"

"நான்தான் டாக்டர்."

"இது தீர்ற வரைக்கும் நீ வேலைக்கு வர வேணாம்."

அவளுடைய முகம் கறுத்தது. ஒரு வாசலில் மறித்து அப்பாவின் பணத்தைக் கேட்க நினைத்தவளை, அந்த வாசலுக்கு வெளியே தள்ளப் பார்க்கிறார்கள். அவள் நகரவில்லை.

"போறேன் டாக்டர். போறதுக்கு முன்னால போலீஸைக் கூப்புடுங்க. ரத்தத்துல கலக்கறதுன்னா கொலை முயற்சி. வரட்டும், பாக்கட்டும். இவரும் இப்ப சொன்னதை அவங்க முன்னாடி ஒரு எழுத்து விடாம சொல்லட்டும். இன்னா வஞ்சம், எவ்வளவு பாக்கி, எத்தினி வருஷம், எல்லாத்தையும்."

போலீஸ் என்ற வார்த்தை கேட்டதும் ஜெயம்மாள் விசிறியைக் கீழே போட்டாள். "ஐயோ, போலீஸ் எல்லாம் எதுக்குமா? அவரு பொய் சொல்ல மாட்டாரு டாக்டர். காத்தால சாமி பிரசாதத்தைத் தொட்ட வாயி, பொய் சொல்லுமா?"

கங்கையம்மாள் மெல்லத் திரும்பினாள். "எந்தப் பிரசாதம்மா?"

"கோயில் இட்லிதான். நேத்து சாயங்காலம் வரதராஜர் கோயில்ல வாங்கியாந்தேன். விடியக்காத்தால குளிச்சிட்டு வந்து குடுத்தேன்."

"எத்தினி?"

"பெருசா ஒரு துண்டு. இன்னொரு பாதி கேட்டாரு, குடுத்தேன்."

காஞ்சிபுரத்துக் கோயில் இட்லி என்றால் தெரியுமல்லவா? மந்தாரை இலை போட்ட மூங்கில் கூடையில் வேகிறது. மிளகு, சீரகம், சுக்கு, தாராளமாக வார்த்த நெய். ஒரு துண்டு தின்றால் மத்தியானம் வரை பசிக்காது.

தாவீது கதவோரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "நெய்யா! அதான் டாக்டர், ரத்தம் பால் மாதிரி கலங்கிக்கினு இருந்துச்சு."

"பச்சைத் தண்ணி படலன்னீங்களே?" என்றார் டாக்டர், பல்லைக் கடித்துக்கொண்டு.

துரைக்கண்ணு அசரவில்லை. "பிரசாதத்தை யாராச்சும் சாப்பாட்டுல சேப்பாங்களா? ஏகாதசி விரதத்துலகூட தீர்த்தம் பிரசாதம் எடுத்துக்கறோம். பசிக்குச் சாப்பிட்டாத்தான் சாப்பாடு. இது பக்திக்குச் சாப்பிட்டது."

"ஒன்றரைத் துண்டு பக்தியா?" என்றாள் கங்கையம்மாள்.

அவன் மனசறிந்து சொன்ன பொய் இல்லை அது. இந்த ஊர்க்காரர்கள் பாதிப் பேர் அப்படித்தான் நினைப்பார்கள். அன்றிலிருந்து கங்கையம்மாள் வெறும் வயிற்றுப் பரிசோதனைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும், "சாப்பாடு, காபி, பாலு, பிரசாதம்" என்று நாலையும் தனித்தனியாகக் கேட்பாள். பிரசாதம் என்று கேட்டதும் முழிக்கிறவர்களைத் திருப்பி அனுப்புவாள். அந்தப் பக்கத்தில் வேறு எந்த நர்ஸுக்கும் இது தோன்றவில்லை.

டாக்டர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "சரி, சரி. நாளைக்கு மறுபடியும் ரத்தம் எடு கங்கா. வேலைக்கு வர வேணாம்னு சொன்னதை மறந்துடு."

"மறந்துட்டேன் டாக்டர். ரத்தத்துல கலந்தேன்ற பேச்சு போயிடிச்சு. பாக்கின்ற பேச்சு நிக்குது." துரைக்கண்ணுவைப் பார்த்துச் சொன்னாள்.

"இன்னா பாக்கி? கோவத்துல வாய்க்கு வந்ததைச் சொன்னேன்."

அப்போதுதான் தனசேகரன் வாயைத் திறந்தார். மெதுவாகப் பேசுகிற மனிதர். "கோவத்துல வாய்க்கு வந்தது அணா பைசா சுத்தமா வந்துதே துரை. முந்நூத்தி நாப்பதுன்னு. வருஷக் கணக்கு வேற."

"அது வேற விஷயம் தனசேகரு. கூலிக்காரன் சமாச்சாரம்."

"எனக்கு நீ தர வேண்டியது நாலாயிரம் இருக்குது. மண்ணுல எறங்கி வெட்டுனவனுக்கே பதினஞ்சு வருஷம்னா, கத்தையில பட்டு குடுக்கற எனக்கு எத்தினி வருஷம்?" தனசேகரன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "அந்தப் பெரியவருக்கு நீ குடு. நான் கண்ணால பாக்கறேன். அன்னிக்குச் சாயங்காலம் உன் கடையில பட்டு எறங்கும். இல்லன்னா வேற ஆளைப் பாத்துக்க."

துரைக்கண்ணு மூச்சு வாங்கினான். கங்கையம்மாள் உடனே கிட்டே போய் நாடியைப் பிடித்தாள். அவன் கையை உதறினான். அவள் விடவில்லை.

"சும்மா இருங்க. நாடி எகிறுது. நீங்க செத்துட்டா என் பாக்கி யாரு குடுப்பாங்க?"

மறுநாள் விடிவதற்கு முன்பே அவள் நாற்காலியை எடுத்துக் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஜெயம்மாள் பித்தளைச் சொம்போடு எட்டிப் பார்த்தாள்.

"தீர்த்தம் மட்டும் ஒரு உத்தரணி..."

"பெருமாளே நேர்ல வந்து ஊட்டுனாலும் ரத்தம் எடுத்த அப்புறம்தான்மா."

"எந்நேரமும் இந்த மூஞ்சியிலயா முழிக்கணும்" என்று முனகினான் துரைக்கண்ணு.

"எனக்கு மட்டும் இன்னா, உங்க மூஞ்சி தரிசனமா?"

நேரம் வந்ததும் ரத்தம் எடுத்தாள். இந்தத் தரம் தாவீது காட்டின குழாயில் மேலே நின்றது கண்ணாடி போலத் தெளிந்திருந்தது. சர்க்கரை ஒழுங்கு. கொழுப்பு அவன் வயதுக்குக் கொஞ்சம்தான் அதிகம். கடைசியாக ஒரு ஈ.சி.ஜி. எடுத்தாள். மார்பில் முள் முள்ளாக முளைத்திருந்த முடியைத் திரும்பவும் சிரைத்தாள். இந்தத் தரம் அவன் உடம்பை முறுக்காமல் தளர்ந்து கிடந்தான். கோடு கிறுக்கல் இல்லாமல் ஒழுங்காக ஓடியது. வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர்.

அன்று மத்தியானம் கலியன் ஓரிக்கையிலிருந்து நடந்தே வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் தடி. நர்சிங் ஹோம் வாசலில் கார் நின்றது. தனசேகரன் முன்கூட்டியே வந்து வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். ஜெயம்மாள் பிடித்துக்கொள்ள, துரைக்கண்ணு படி இறங்கி வந்தான். இரண்டு காலில்தான் நின்றான்.

இடுப்பிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துக் கங்கையம்மாளிடம் நீட்டினான்.

"இந்தா. எடுத்துக்கினு போங்க. இதோட சரி."

அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "நானா கிணறு வெட்டுனேன்? வெட்டுனவரு அங்க நிக்கிறாரு. பொட்டலம் வேணாம். பிரிச்சு, எண்ணிக் குடுங்க. அவருக்குக் கண்ணு மங்கல், காதுக்குக் கேக்கற மாதிரி எண்ணுங்க."

"வட்டி கிட்டின்னு ஆரம்பிச்சுடாத."

"வட்டி வாங்கறது உங்க பொழைப்பு. எங்களுக்குக் கூலி போதும்."

"எண்ணுங்களேன்" என்றாள் ஜெயம்மாள் திடீரென்று. அவளுடைய குரல் அப்படி எழும்பி யாரும் கேட்டதில்லை. "அந்தக் கிணத்துத் தண்ணியிலதான் நம்ம வூட்டு ஒலை கொதிச்சுது. எண்ணிக் குடுத்துட்டுக் கார்ல ஏறுங்க."

துரைக்கண்ணு அவளை முறைத்தான். தனசேகரனைப் பார்த்தான். பிறகு பொட்டலத்தைப் பிரித்தான். எல்லாம் பத்து ரூபாய் நோட்டு. கலியன் தடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வலது கையை நீட்டினார். மண்வெட்டிப் பிடி தேய்த்துத் தேய்த்துக் காய்த்துப் போன உள்ளங்கை. விரல்கள் முழுசாக நிமிராது, ஆனாலும் விரித்துப் பிடித்தார்.

முதல் நோட்டை வைத்து, கடைக்காரர்கள் எண்ணுகிற வழக்கத்தில், "லாபம்" என்றான் துரைக்கண்ணு.

"ஒண்ணுன்னு எண்ணு" என்றார் கலியன். "இதுல உனக்கு லாபம் ஒண்ணும் இல்ல. எனக்கும் இல்ல. இது கூலி."

தனசேகரன் இருமுகிற மாதிரி சிரித்தார். துரைக்கண்ணுவின் காது சிவந்தது. அந்த நோட்டைத் திரும்ப எடுத்து, திரும்ப வைத்தான்.

"ஒண்ணு."

"கேக்குது. மேல போ."

"ரெண்டு. மூணு. நாலு..."

நடுவில் ஒரு தரம் அவன் வேகமாக வைக்கப் பார்த்தான். கலியன் விரலால் தடவி, இரண்டு நோட்டு ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்துப் பிரித்து வைத்துக்கொண்டார். கங்கையம்மாள் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள். கார் டிரைவர் கதவைத் திறந்து பிடித்தபடியே காத்திருந்தான். வெயிலில் துரைக்கண்ணுவுக்கு வியர்த்தது. ஜெயம்மாள் முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாளே தவிர, எண்ணுவதை நிறுத்தச் சொல்லவில்லை.

"முப்பத்திரெண்டு. முப்பத்திமூணு." அவன் கையில் ஒரே ஒரு நோட்டு மிச்சமிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றான்.

"அதையும் வை" என்றார் கலியன்.

"முப்பத்திநாலு" என்று சொல்லி, விரித்த அந்த உள்ளங்கையில் வைத்தான் துரைக்கண்ணு.